மண்டை ஓட்டின் மேல் ஒட்டிய சீட்டு

என் வயதுப் பெண்களுக்குப் பேன் சீப்பு நினைவிருக்கும். கறுப்பு மரத்தில் செய்தது. இரண்டு பக்கமும் நெருக்கமான பல். ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் வளையல் கடைகளில் சரமாகத் தொங்கும். வாங்கிய வாரத்திலேயே இரண்டு பல் உடையும்; உடைந்த இடத்தில் முடி சிக்கி இழுக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். எங்கள் வீட்டில் இருந்த சீப்பு எப்போது தொலைந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வைகாசிக்குப் பிறகு அதை யாரும் தேடவில்லை.

அந்த வைகாசிக்கு முன்னும் பின்னுமான ஒரு வருஷத்தை எழுதி வைக்கிறேன். அறுபதுகளின் நடுப்பகுதி. அரிசிக்கு வரிசையில் நின்றதும், கோதுமைக் கஞ்சியைப் பார்த்து முகம் சுளித்து அம்மாவிடம் திட்டு வாங்கியதும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு.

அப்பா கிராம சேவக். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், அரசாங்கம் சொல்லும் புது விவசாயத்தை விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லும் உத்தியோகம். நாங்கள் அடையவளஞ்சான் வீதியில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவின் ஊர்கள் கொள்ளிடத்துக்கு வடக்கே, மண்ணச்சநல்லூருக்கும் திருவெள்ளறைக்கும் இடையில். காலையில் பாலத்தைத் தாண்டிப் போனால் பொழுது சாயும் நேரம்தான் வருவார். கேரியரில் விதைப் பொட்டலமோ, உர விளக்கப் படமோ, பித்தளைத் தெளிப்பானின் ஏதாவது ஒரு பாகமோ இருக்கும். ஒரு மூட்டை விளைந்த இடத்தில் இரண்டு மூட்டை விளைந்தால் அரிசி வரிசை ஒழியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரை வேறு மாதிரி ஆளாக நினைக்க இடமுண்டு.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆபீஸிலிருந்து பூச்சி மருந்து வந்தது. எங்கள் கூடத்தில் பெட்டி இறங்கியது. கைக்கு அடக்கமான தகர டின்கள். மேலே முழுக்க இங்கிலீஷ். நடுவில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மண்டை ஓடு, அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்பு, அதற்கும் கீழே தடித்த எழுத்தில் ஒரு சொல். இங்கிலீஷ் ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை, படமாகத்தான் தெரிந்தது. முதலில் கொடிக்கம்பம் மாதிரி ஒன்று. இரண்டாவதும் ஐந்தாவதும் வட்டம்.

டின்களை அப்பா ஊர்களுக்குக் கொண்டுபோனார். அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். மண்டை ஓட்டைப் பார்த்துவிட்டு ஒருவரும் கையில் வாங்கவில்லை. சோறு விளைகிற இடத்தில் சுடுகாட்டுப் படம் போட்ட சாமானைக் கொட்டச் சொல்கிறீர்களே என்று ஒருவர் கேட்டாராம். அப்பா இதை மேலதிகாரியிடம் சொன்னார். விஷம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், மருந்து என்று சொல்லுங்கள், யாராவது மருந்தை வேண்டாம் என்பானா என்று அதிகாரி சொன்னாராம். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பயிருக்கு நோய், நோய்க்கு மருந்து. அதில் பொய் எங்கே இருக்கிறது?

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஸ்கூலில் அதற்காக ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெள்ளைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி என் முன்னால் வைத்தார். மூன்று விரல் அகலம். அம்மா மைதா பசை காய்ச்சிக் கொடுத்தாள். 'பயிர் மருந்து' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நெற்கதிர் வரையச் சொன்னார் அப்பா. சீட்டின் அளவு தற்செயலாக அமைந்தது அல்ல. சிவப்புக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்து வெட்டியது. ஒட்டினால் மண்டை ஓடும், எலும்புகளும், அந்தச் சொல்லும் சரியாக மறைந்தன.

"இந்தப் படத்தை ஏம்ப்பா மறைக்கிறோம்?"

"பாத்தா பயப்படறாங்கம்மா."

"பயப்படறதுக்குத்தானே போட்டிருக்காங்க?"

அப்பா சிரித்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "உன் பொண்ணு வக்கீலுக்குப் படிக்கப் போறா" என்றார். என் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். எனக்கும் அது பெருமையாக இருந்தது. பெட்டி காலியாகும்வரை எழுதினேன். எழுத்து நீல மசியில், கதிர் பச்சைப் பென்சிலில்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, திருவெள்ளறைக்கு ஒரு மைல் முன்னால் ஒரு சின்ன ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். டோல்கேட்டில் பஸ் மாறிப் போக வேண்டும். மாமாவுக்கு வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கர். வரப்பில் நின்றால் கோயில் இருக்கும் வெள்ளைப் பாறை தெரியும். அவர்களுக்கு ஒரே பெண். என்னைவிட மூன்று மாதம் சின்னவள். முழங்கால் வரைக்கும் முடி என்று ஊரில் சொல்வார்கள். நான் அளந்து பார்த்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே நாலு விரல்.

அந்தச் சம்பாவில் குருத்துப்பூச்சி விழுந்தது. நடுக்குருத்து காய்ந்து நிற்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்பா மாமாவின் வயலை மாதிரி வயலாகத் தேர்ந்தெடுத்தார். சொந்தக்காரர், மறுக்க மாட்டார் என்ற எண்ணம். மாமா மறுத்தார். பூச்சி தின்றது போக மிச்சம் நமக்கு, எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் என்றார். மீனும் நண்டும் இருக்கிற வயல் என்றார். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். அப்பா பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த வருஷம் எல்லா ஊரிலும் அவர் அதையேதான் பேசினார்.

"மச்சான், பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா சும்மா பாத்துக்கிட்டு இருப்பீங்களா, மருந்து குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

"பயிரும் பிள்ளைதானே மச்சான்?"

மாமா டின்னைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நெற்கதிர்ப் படத்தை விரலால் தடவினார். "நம்ம பிள்ளை எழுதினதா?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். மாமா சம்மதித்தது அப்பாவின் பேச்சுக்கா, என் கையெழுத்துக்கா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா மூடியால் அளந்து தண்ணீரில் கலந்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மாமா அடித்தார். பூண்டு அழுகினது போல ஒரு வாடை வரப்பு முழுக்க நின்றது. மறுநாள் காலையில் மடை வாயில் அயிரையும் கெண்டையும் குரவையும் வயிறு மேலாக மிதந்தன. தவளைகள் பின்னங்கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தன. அத்தை மகள் பாவாடையை ஏந்தி மீனை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். தூண்டில் இல்லாமல், வலை இல்லாமல் அவ்வளவு மீனை அவள் பார்த்ததே இல்லை. அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார். அவர் ஒரு குழந்தை மேல் கை ஓங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மீன் எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். கையைச் சாம்பல் போட்டுக் கழுவச் சொன்னார், இரண்டு முறை.

மாமா குழியைப் பார்த்துக்கொண்டே, "மருந்துன்னீங்களே மாப்ள?" என்று கேட்டார்.

"பயிருக்கு மருந்து மச்சான். மீனுக்கு ஒத்துக்காது."

களை எடுக்க வந்து வரப்பில் நின்றவர்களில் ஒருத்தி, "மீனுக்குப் பத்தியம் சொல்லாம விட்டுட்டாரு போல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அவர் அந்த மீனைப் புதைக்கச் சொன்னார் என்றால் அவருக்குத் தெரிந்திருந்தது என்று அர்த்தம். இந்த வாக்கியத்துக்கு வந்து சேர எனக்கு அரை ஆயுள் ஆயிற்று.

அன்று மாலை வயல் பக்கம் சத்தமே இல்லை. அத்தை மகள்தான் முதலில் கவனித்தாள். "ஏ பிள்ளை, தவளை எல்லாம் பரீட்சைக்குப் படிக்குது போலருக்கு" என்றாள்.

மார்கழிக் கடைசியில் அறுப்பு. அக்கம்பக்கத்து வயல்களில் பாதிக் கதிர் வெளுத்து நிற்க, மாமாவின் வயலில் கதிர் தலை சாய்ந்து நின்றது. அதிகாரி ஜீப்பில் வந்தார். போட்டோ பிடித்தார்கள். மாமா சட்டை போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், கையில் ஒரு கட்டுக் கதிரோடு நிற்கும் படம் ஆபீஸ் சுவரில் நெடுநாள் தொங்கியது. அடுத்த பட்டத்துக்கு அப்பா புது ரக விதை கொடுத்தார். பழைய விதையை இனி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்றார். குதிரில் தனியாகக் கட்டி வைத்திருந்த விதை நெல்லை அத்தை புழுக்கி அரிசியாக்கினாள். அந்தப் பொங்கலுக்கு நாங்கள் சாப்பிட்டது அதைத்தான். சிவப்பு ஓடிய, தடித்த அரிசி. அதற்கு ஒரு பெயர் உண்டு. எனக்கு மறந்துவிட்டது. கேட்க இப்போது ஆள் இல்லை.

பொங்கல் விடுமுறையில் ஒரு வாரம் அத்தை வீட்டில் இருந்தேன். மத்தியானம் நானும் அத்தை மகளும் ஒருவர் தலையை ஒருவர் பார்ப்போம். அவள் எடுக்கும் பேனைக் குத்த மாட்டாள். சிலேட்டில் ஒரு கோடு போட்டு, இரண்டு பேனை விட்டு, எது முதலில் கோட்டைத் தாண்டுகிறது என்று பந்தயம் வைப்பாள். தன் பேனுக்கு அவள் ஊர் ஸ்கூல் வாத்தியார் பெயர். என்னுடையதற்கு என் கணக்கு டீச்சர் பெயர். "உங்க டவுன் பேனுக்கு ஓடத் தெரியலையே, பஸ்ஸுல போயே பழக்கம்" என்பாள்.

அவள் ஊர் ஸ்கூலில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. ஜூனில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, என்னோடு பெண்கள் ஸ்கூலில் ஆறாம் வகுப்பு சேர்வதாக ஏற்பாடு. அவளுக்கு எல்லாவற்றையும்விட இங்கிலீஷ் மேல் ஆசை. பஸ் டிக்கெட்டில் இருக்கும் எழுத்துகளைச் சுவரில் கரியால் பார்த்து எழுதுவாள். தலைகீழாக எழுதியிருக்கிறாள் என்று சொல்ல எனக்கும் அப்போது தெரியாது.

நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அம்மா என் தலையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கும் அம்மாவுக்குமாகச் சேர்த்து மாசி முடியும்வரை பேன் சீப்போடு போயிற்று. அத்தை அடுத்த முறை வந்தபோது அம்மா மரியாதையாகத்தான் சொன்னாள். "பிள்ளை தலை சுத்தமானதும் கொண்டாந்து விடுங்க அண்ணி. ஸ்கூல்ல வேற பாப்பாங்க." அத்தைக்கு முகம் சுண்டியது. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு கவலையே இல்லை என்று ஆகிவிட்டது. சீத்தா விதையை அரைத்துப் பூசினாள். வேப்பெண்ணெய் தேய்த்தாள். பேன் குறைந்தது, போகவில்லை. அவ்வளவு முடியில் எந்த எண்ணெயும் அடிவரை இறங்கவில்லை.

சமயபுரத்தில் மொட்டை போட்டுவிடலாம் என்று மாமா சொன்னார். வேண்டுதலும் ஆகும், பேனும் போகும் என்றார். மொட்டைக்கு மாட்டேன் என்று அத்தை மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். சித்திரையில் நான் போனபோது அதைப் பற்றித்தான் பேசினாள்.

"மொட்டைத் தலையோட வந்தா என்னைப் பையன் வரிசைல உக்கார வச்சிருவாங்க."

"எங்க ஸ்கூல்ல பையன் வரிசையே கிடையாதுடி."

"அப்ப வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

அத்தை வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு மாடம் உண்டு. மருந்து வைக்கும் இடம். ஓமத் தண்ணீர், விளக்கெண்ணெய், சுக்கு, தலைவலித் தைலம். அந்த வரிசையில், கார்த்திகையில் அடித்தது போக மீந்த டின்னும் இருந்தது. நெற்கதிர்ப் படம் வெளியே தெரியும்படி அத்தை வைத்திருந்தாள். அது அங்கே இருப்பதில் எங்களில் யாருக்கும் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. அத்தை மகள் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இது பேனுக்கு ஆகுமா?"

"பேனும் பூச்சிதானே."

"ஆகுமா ஆகாதா, சொல்லு. நீதானே எழுதினே?"

"ஆகும்" என்றேன்.

மாமாவும் அத்தையும் அப்போது பக்கத்தில் இல்லை. இரண்டு நாளில் நான் ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்கூல் திறக்க இரண்டு வாரம் இருந்தது. அன்று நடந்ததை அத்தை பிற்பாடு பல முறை, எப்போதும் ஒரே வரிசையில், ஒரு விவரமும் மாறாமல் சொல்லியிருக்கிறாள். சாப்பாடு முடிந்த பிறகு டின்னை எடுத்தாள். தேங்காயெண்ணெயில் கலந்து, பாகம் பாகமாக முடியை வகிர்ந்து, அடிவரை தேய்த்தாள். பழைய புடவைத் துணியால் தலையை இறுக்கிக் கட்டினாள். பெண், "சில்லுனு இருக்கும்மா" என்றாள். வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு, நான் கொடுத்துவிட்டு வந்த அட்டை கிழிந்த கதைப் புத்தகத்தை உரக்கப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் படிப்பை நிறுத்தினாள். தலை வலிக்கிறது என்றாள். வெயில் என்று அத்தை மோர் கொடுத்தாள். வாந்தி எடுத்தாள். வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. அம்மா, வெயில் எங்கே போச்சு, எல்லாம் மங்கலா இருக்கே என்று கேட்டாள். துணியை அவிழ்க்கவா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம், மருந்து வேலை செய்யட்டும் என்றாள் அத்தை.

இந்த இடத்தில் அத்தை எப்போதும் நிறுத்திவிடுவாள். பிறகு, "அவிழ்க்கவான்னு கேட்டா" என்று இன்னொரு தடவை சொல்வாள்.

மாமா பெண்ணைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார். பஸ் டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாராம். ஸ்ரீரங்கத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றது. எங்கள் வீதிக்காரர் ஒருவர் அதில் இருந்தார். இறங்கி ஓடி வந்து சொன்னார். அப்பாவும் அம்மாவும் நானும் ஜட்கா வண்டி பிடித்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். அப்பா உட்காரவில்லை. பின் படியில் நின்றுகொண்டே வந்தார். என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. பிள்ளைக்கு வலிப்பு என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் வார்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவள் பெண் ஒரு கட்டிலில். தலைத்துணி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் வயதில் சின்னவர். பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது.

"ஒண்ணும் தப்பாக் குடுக்கலைங்க. மருந்துதாங்க வச்சேன்."

"எந்த டாக்டர் குடுத்த மருந்து?"

"டாக்டர் இல்லீங்க. என் தம்பி குடுத்தது."

"தம்பி வைத்தியரா?"

"கவர்மெண்ட்ல இருக்காருங்க."

கவர்மெண்ட்டில் இருக்கும் வைத்தியர் கொடுத்த மருந்து என்று டாக்டர் புரிந்துகொண்டார். மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இந்தப் பேச்சு நாங்கள் போவதற்கு முன்பே எவ்வளவு நேரம் நடந்தது என்று தெரியவில்லை. அத்தை கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு பொய் இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் போன அப்பாவுக்கு அந்தப் பூண்டு வாடை தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

"விஷம் சார்" என்றார் அப்பா. "வயலுக்கு அடிக்கிற விஷம். தலைல தேச்சிருக்காங்க. விஷம் சார் அது."

அந்தச் சொல்லை அப்பா வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் ஓடினார். நர்ஸ் துணியை அவிழ்த்தாள். கத்தரியால் முடி முழுவதையும் வெட்டினாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். வெட்டிய முடி ஒரு எனாமல் பேசினில் கிடந்தது. நிரம்பி வெளியே தொங்கியது. முடியில்லாத அவள் முகம் மிகவும் சின்னதாக இருந்தது. எனக்கு அது யாரோ ஒரு பையன் என்று பட்டது.

வார்டில் விளக்குப் போடுவதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

மாமா சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டார். அம்மா தன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். தலை சுத்தமானதும் அனுப்புங்கள் என்று சொன்னது அவள்தான் என்று அப்போது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு ஒருபோதும் அவள் அதைச் சொன்னதில்லை. அத்தை அழவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமாக அல்ல, ஏதோ ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

"தம்பி, மருந்துன்னுதானே சொன்னே?"

அப்பாவின் பேச்சுக்கு ஊர்களில் மதிப்பு உண்டு. அன்றைக்கு அது நின்றது. உத்தியோகத்துக்குப் போனார், வந்தார். பயிரும் பிள்ளைதானே என்று அவர் சொல்லி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஜூனில் நான் மட்டும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். இங்கிலீஷ் ஆரம்பித்தார்கள். அவள் மாடத்தைப் பார்த்துக் கேட்டதையும் நான் ஆகும் என்று சொன்னதையும் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னதை அவள் அத்தையிடம் சொன்னாளா, அல்லது அத்தைக்கே தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. அத்தை சொல்லும் வரிசையில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் காலைப் பொழுது வராது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிப்பாள். நான் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டதில்லை. அத்தை இறந்து இருபது வருஷம் ஆகிறது.

பின்னாளில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தேன். நிருபர்கள் 'பூச்சி மருந்து' என்று எழுதி அனுப்புவதை எல்லாம் 'பூச்சிக்கொல்லி விஷம்' என்று மாற்றுவேன். "ஜனங்க பேசற சொல்லைப் போடுங்கம்மா" என்று ஆசிரியர் அடித்து, பழையபடி எழுதுவார். அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் கடையில் போய் மருந்து என்றுதான் கேட்கிறார்கள். வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வந்தேன் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த வைகாசி போய் மறுபடியும் ஐப்பசி வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வைகாசிக்குப் பிறகு அவர் வருவது அதுதான் முதல் தடவை. அம்மா கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்துப் பேசினார்.

"குருத்து காயுது மாப்ள."

அப்பா செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"இந்த வருசம் அடிக்காம விட்டுரலாம்னுதான் பாத்தேன். சுத்தி எல்லாரும் அடிக்கிறாங்க. அங்க இருக்க முடியாத பூச்சியெல்லாம் நம்ம வயல்ல வந்து உக்காந்துக்குது. பாதி போயிருச்சு."

"பழைய விதையைப் போட்டிருக்கலாமே மச்சான்" என்றார் அப்பா. அது தாங்கும் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியதா, முன்பே தெரியுமா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எங்க இருக்கு? அதைத்தான் பொங்கலுக்குத் தின்னுட்டோமே. ஊர்ல யார்ட்டயும் இல்ல. தவளைகூட இல்ல மாப்ள இப்ப. எனக்கு மருந்து வேணும்."

அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமாவுக்கு வேறு சொல் தெரியாது.

அப்பா உள்ளே போய் ஒரு டின்னை எடுத்துவந்தார். அதன் மேல் என் சீட்டு. நீல மசி கொஞ்சம் மங்கியிருந்தது. அப்பா அதைத் தண்ணீரால் நனைத்து, காய் நறுக்கும் கத்தியால் சுரண்டினார். மைதா பசை லேசில் விடவில்லை. தாள் சுருள் சுருளாக வந்தது. முதலில் நெற்கதிர் போயிற்று, பிறகு என் எழுத்து. அடியில் சிவப்புக் கட்டம் தெரிந்தது. மண்டை ஓடு, எலும்புகள், அந்தச் சொல். போன ஐப்பசியில் கொடிக்கம்பமும் வட்டமுமாகத் தெரிந்தது இப்போது எனக்கு எழுத்தாகத் தெரிந்தது. பி, ஓ, ஐ, எஸ், ஓ, என். பாடப்புத்தகத்துக்கு வெளியே நானாக எழுத்துக் கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் சொல் அதுதான். ஐந்து மாதம் ஸ்கூலுக்குப் போயிருந்தால் அவளும் படித்திருப்பாள்.

அப்பா ஒரு துண்டுத் தாளில் தானே தமிழில் எழுதி, படத்தை மறைக்காமல் அதற்குக் கீழே ஒட்டினார். அவர் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது. டின்னை மாமாவிடம் கொடுத்தார்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"விஷம்னு எழுதியிருக்கேன் மச்சான்."

மாமா தலையை ஆட்டினார். டின்னைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார். இரண்டரை ஏக்கரையும் மனதில் ஓட்டிப் பார்த்திருப்பார்.

"ஒண்ணு பத்துமா மாப்ள?"

"பத்தாது" என்றார் அப்பா.

உள்ளே போய் இன்னொரு டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதிலும் நான் எழுதிய சீட்டுத்தான். அப்பா செம்பிலிருந்து அதன் மேல் தண்ணீரை ஊற்றினார். கத்தியை என்னிடம் நீட்டினார்.